அப்பாவின் பெயரில் கார், ஓட்டப்போவது நான்: காப்புறுதியை எப்படி எடுப்பது?

களுவாஞ்சிக்குடியிலிருந்து 23 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய கடிதம் சுருக்கமாக இது:

"எட்டு மாதத்துக்கு முன்தான் சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்தேன். அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். பணிக்கொடைக் காசில் பாவித்த சுசுகி அல்டோ ஒன்றை 32 இலட்சத்துக்கு வாங்கியிருக்கிறார். அவர் பெயரில்தான் பதிவு. ஆனால் தினமும் மட்டக்களப்பு ரவுணுக்கு வேலைக்கு ஓட்டிப்போகப் போவது நான். 20 வயதுத் தம்பியும் பழகிக்கொண்டிருக்கிறான். ஒரு கம்பனியில் முழுக் காப்புறுதிக்கு வருடம் 68,000 ரூபாய் கேட்டார்கள். அப்பாவுக்குத் தெரிந்த முகவர் ஒருவர் 51,000க்கு முடித்துத் தருவதாகச் சொல்கிறார், ஆனால் காரின் பெறுமதியை 24 இலட்சம் என்று போட வேண்டுமாம். வேறொருவர் தேர்ட் பார்ட்டி போதும் என்கிறார். கனடாவில் இருக்கும் மாமாவோ, இளம் பிள்ளைகள் ஓட்டினால் காப்புறுதிக்கு வருடா வருடம் கட்டும் கட்டுப்பணம் மூன்று மடங்காகும், நீ ஓட்டுவதை வாயே திறக்காதே என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?"

தங்கச்சி, மாமாவிடமிருந்தே தொடங்குகிறேன். அவர் தன் நாட்டைப் பற்றிச் சொல்வது சரி. கனடாவின் பல இடங்களிலும் இங்கிலாந்திலும் கட்டுப்பணத்தைக் கணக்கிடும்போது ஓட்டுபவரைத்தான் முதலில் பார்ப்பார்கள். வயது, எத்தனை வருடம் ஓட்டியிருக்கிறார், எந்தப் பகுதியில் வசிக்கிறார், முன்பு விபத்து உண்டா என்று. 20 வயதுப் பிள்ளைக்கு அங்கே வரும் தொகையைப் பார்த்தால் எவருக்கும் தலை சுற்றும். அதனால்தான் அப்பா, அம்மா பெயரில் எடுத்துவிட்டுப் பிள்ளை ஓட்டும் பழக்கம் அங்கே வந்தது. அது பிடிபட்டால் அங்கேயும் காப்புறுதி செல்லாமல் போகலாம்.

இங்கே கணக்கு வேறு. இலங்கையில் தனியார் காருக்கான கட்டுப்பணத்தைப் பெரும்பாலும் வாகனம்தான் தீர்மானிக்கிறது. அதன் பெறுமதி என்ன, என்ன வகை, சொந்தப் பாவனையா வாடகைக்கா, உரிமையாளர் எத்தனை வருடம் கிளெய்ம், அதாவது நட்டஈடு, கேட்காமல் இருந்திருக்கிறார் என்பவைதான் பெரிய விடயங்கள். உங்கள் 23 வயது அந்த 68,000 ரூபாயை மூன்று மடங்காக்கப் போவதில்லை. வயதும் அனுபவமும் எங்கே வந்து நிற்கும் என்றால், எக்ஸஸ் என்ற இடத்தில். கிளெய்ம் ஒன்று வரும்போது முதலில் நீங்கள் கையிலிருந்து போட வேண்டிய தொகை அது. சில ஒப்பந்தங்களில் குறிப்பிட்ட வயதுக்குக் குறைந்தவரோ, அனுமதிப்பத்திரம் எடுத்துக் கொஞ்சக் காலமே ஆனவரோ ஓட்டும்போது விபத்து நடந்தால் அந்த எக்ஸஸ் கூடும். எவ்வளவு கூடும் என்பது கம்பனிக்குக் கம்பனி மாறும். விலை கேட்கும்போதே அதையும் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆக, மறைப்பதால் உங்களுக்குக் கிடைக்கும் இலாபம் மிகச் சிறியது. ஆபத்து பெரியது. விண்ணப்பப் படிவத்தில் வழமையாக யார் ஓட்டுவது என்று கேட்டிருந்தால், அதில் அப்பா கையெழுத்து வைக்கிறார். அவர் எழுதியது பொய் என்று பின்னால் தெரிந்தால், அதைக் காட்டியே கம்பனி கிளெய்மை மறுக்கலாம். ரவுணுக்குத் தினமும் ஓட்டிப்போகும் பிள்ளை நீங்கள். விபத்து நடந்தால் சாரதி ஆசனத்தில் நீங்கள்தான் இருப்பீர்கள். அப்பா பெயரில் காப்புறுதி இருப்பதில் ஒரு தவறும் இல்லை, கார் அவர் பெயரில் பதிவானது, காப்புறுதியும் அவர் பெயரில்தான் இருக்க வேண்டும். ஓட்டுபவர்கள் இடத்தில் உங்கள் பெயரும் இருக்கட்டும்.

இனி அந்த 51,000. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது இதுதான். முகவர் உங்களுக்கு எந்தக் கழிவும் தரவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள், 32க்கு 24 என்பது முக்கால் பங்கு. 68,000க்கு 51,000மும் முக்கால் பங்கு. முக்கால்வாசிக் காருக்கு முக்கால்வாசிக் காசு வாங்குகிறார், அவ்வளவுதான்.

இதில் என்ன கெடுதல் என்று நீங்கள் கேட்கலாம். முழுவதும் நொறுங்கினால் 24 இலட்சம்தான் வரும், அது போதும், சின்ன அடிகளுக்கு முழுக் காசும் வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது. குறைத்துக் காப்புறுதி செய்த வாகனத்துக்கு ஒவ்வொரு கிளெய்மிலும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். முன்பக்கம் அடிபட்டு நான்கு இலட்சம் ரூபாய் வேலை என்று வைத்துக்கொள்வோம். 24ஐ 32ஆல் வகுத்து, மூன்று இலட்சம்தான் உங்கள் உரிமை என்பார்கள். அதிலிருந்து எக்ஸஸைக் கழிப்பார்கள். கார் பழையது என்பதால் புதிதாகப் போடும் பாகங்களின் விலையில் தேய்மானத்துக்கென்று ஒரு பங்கையும் கழிக்கலாம். வருடத்தில் 17,000 மிச்சம் பிடித்த வீடு ஒரே நாளில் ஒரு இலட்சத்துக்கு மேல் கட்டும். சந்தை விலையிலிருந்து சிறிதளவு குறைந்திருந்தால் பொறுத்துக்கொள்ளும் ஒப்பந்தங்களும் உண்டு. ஆனால் எட்டு இலட்சம் என்பது அப்படிக் கண்டுகொள்ளாமல் விடும் இடைவெளி இல்லை.

இதை இவ்வளவு நீட்டி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதும் பாவித்த கார்களின் விலை ஏறிய கதை உங்களுக்குத் தெரியும். பலர் பழைய பெறுமதியையே வருடா வருடம் புதுப்பித்துக்கொண்டு வந்தார்கள். ஒருவரும் பொய் சொல்லவில்லை, விலை மட்டும் ஏறிப்போனது. விபத்து நடந்தபோதுதான் காப்புறுதிப் பத்திரத்தில் இருக்கும் தொகை காரின் பாதி விலைகூட இல்லை என்று தெரிந்தது. 2025 பெப்ரவரியில் தனியார் கார் இறக்குமதி திரும்பத் தொடங்கியபின் மறுபக்கக் கவனமும் தேவை. சந்தை விலை இறங்கிய பிறகும் 32 இலட்சத்துக்கே கட்டிக்கொண்டிருந்தால், கூடுதலாகக் கட்டிய காசு திரும்ப வராது. கார் முற்றாக அழிந்தாலும் அன்றைய சந்தை விலைக்கு மேல் தரமாட்டார்கள். எனவே ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கும் முன், அதே வருடத்து, அதே மாதிரிக் கார் என்ன விலைக்குப் போகிறது என்று விளம்பரங்களில் ஒரு தடவை பாருங்கள். பெறுமதியை அதற்கேற்ப மாற்றச் சொல்லுங்கள். இது நேர்மையாகவே கட்டுப்பணம் குறையக்கூடிய ஒரு வழி.

தேர்ட் பார்ட்டி பற்றி நீளமாக எழுதத் தேவையில்லை. மோட்டார் போக்குவரத்துச் சட்டப்படி ஒவ்வொரு வாகனத்துக்கும் இருக்கவேண்டிய ஆகக் குறைந்த காப்புறுதி அது. அது இல்லாமல் பிரதேச செயலகத்தில் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது. உங்களால் பிறருக்கு வரும் பாதிப்புக்கு அது பொறுப்பெடுக்கும். உங்கள் கார் நொறுங்கினாலோ, எரிந்தாலோ, களவு போனாலோ ஒரு சதமும் வராது. சில இலட்சம் பெறுமதியான, முப்பது வருடம் ஓடிய காருக்கு அது போதும் என்று நானே சொல்லியிருக்கிறேன். அப்பாவின் பணிக்கொடை முழுவதும் அந்தக் காரில் நிற்கிறது, ஓட்டப்போவதோ எட்டு மாத அனுபவமுள்ளவர். உங்களுக்கு முழுக் காப்புறுதிதான் வேண்டும். முதல் இரண்டு, மூன்று வருடங்களாவது.

சரி, அப்படியானால் 68,000ஐத் தலைகுனிந்து கட்டிவிடுவதா? வேண்டாம். அது ஒரு கம்பனி சொன்ன முதல் விலை, அவ்வளவே. மட்டக்களப்பு ரவுணிலும் கல்முனையிலும் பல காப்புறுதிக் கம்பனிகளின் கிளைகள் இருக்கின்றன, தகாஃபுல் என்ற இஸ்லாமியக் காப்புறுதி முறையில் எடுக்க விரும்புவோருக்கும் வழி இருக்கிறது. மூன்று, நான்கு இடத்தில் விலை கேளுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: எல்லா இடத்திலும் ஒரே பெறுமதி, ஒரே எக்ஸஸ், ஒரே மேலதிகப் பாதுகாப்புகள் என்று கேட்க வேண்டும். இல்லாவிட்டால் மலிவாகத் தெரிவது எதையோ வெட்டிவிட்டு வந்த விலையாக இருக்கும். முகவரிடம் மட்டும் கேட்டு நிறுத்தாமல் கிளைக்கும் நேரே போய்க் கதையுங்கள். இன்னொரு கம்பனியின் விலைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பவருக்குக் கழிவு கொடுக்கக் கிளை முகாமையாளர்களுக்கு ஓரளவு இடம் உண்டு. கேட்காதவருக்கு அது தானாக வராது.

அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று எழுதியிருக்கிறீர்கள். அரச ஊழியர்களுக்கும் சில தொழில்துறையினருக்கும் தனிக் கழிவு வைத்திருக்கும் கம்பனிகள் இருக்கின்றன, ஓய்வுபெற்றவரையும் அதில் சேர்ப்பார்களா என்று கேளுங்கள். நீங்கள் வேலைசெய்யும் இடத்துக்கு ஏதாவது கம்பனியுடன் ஏற்பாடு இருக்கிறதா என்பதையும் விசாரியுங்கள். இதைவிடப் பெரியது நோ கிளெய்ம் போனஸ். அப்பா இதற்கு முன் காரோ வானோ வைத்திருந்து, கிளெய்ம் கேட்காத வருடங்கள் இருந்தால், அந்தக் கழிவை இந்தக் காருக்குக் கொண்டுவரலாம். அது பழைய வாகனத்தோடு போய்விடுவதில்லை, உரிமையாளருக்குச் சேர்ந்தது. முந்தைய கம்பனியிடமிருந்து ஒரு உறுதிக் கடிதம் வாங்கினால் போதும். மோட்டார் சைக்கிளில் சேர்த்த போனஸை எல்லோரும் காருக்கு ஏற்பதில்லை, ஆனாலும் கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை.

எக்ஸஸை விரும்பிக் கூட்டிக்கொள்வது இன்னொரு வழி. கிளெய்ம் வந்தால் முதல் 25,000 ரூபாய் என் பொறுப்பு என்று நீங்களே ஏற்றுக்கொண்டால் கட்டுப்பணம் இறங்கும். நான் இதை விரும்பிச் சொல்வேன், ஏனென்றால் சின்னக் கீறலுக்கு எப்படியும் கிளெய்ம் கேட்காமல் இருப்பதுதான் நல்லது. பம்பரில் 15,000 ரூபாய் பெயின்ட் வேலைக்கு கிளெய்ம் எடுத்தால், அடுத்த வருடம் போனஸ் குறைந்து அதைவிடக் கூடக் கட்ட வேண்டி வரலாம். ஆனால் ஒரு நிபந்தனை. அந்த 25,000 ரூபாய் வங்கியில் தொடாமல் இருக்க வேண்டும். அது கையில் இல்லாத வீட்டில் எக்ஸஸைக் கூட்டாதீர்கள்.

காசை எங்கே குறைக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், நம் பக்கத்துக்கென்று சில ஆபத்துகள் இருப்பதால். நவம்பர் முதல் ஜனவரி வரை வெள்ளம் இங்கே புதினமில்லை. இயற்கை அனர்த்தப் பாதுகாப்பு சில ஒப்பந்தங்களில் உள்ளேயே இருக்கும், சிலவற்றில் தனியாகச் சேர்க்க வேண்டும். கொழும்பில் தயாரித்த மலிவான பொதி ஒன்றில் அது விடுபட்டிருந்தால், மட்டக்களப்பில் இருப்பவருக்கு அந்தப் பொதி மலிவே இல்லை. அத்தோடு, கார் தண்ணீரில் நின்றுபோனால் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பண்ணாதீர்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் ஏறிய நிலையில் இயக்கினால் உள்ளே உடையும், அந்தச் சேதம் வெள்ளத்தால் வந்ததா உங்கள் கவனக்குறைவால் வந்ததா என்று தகராறு தொடங்கும். தள்ளி மேட்டுக்குக் கொண்டுவந்து கம்பனிக்குச் சொல்லுங்கள்.

அப்புறம் மாடுகள். களுவாஞ்சிக்குடியிலிருந்து ரவுண்வரை இரவில் ஓட்டியவர்களுக்குத் தெரியும், தார் வீதியின் சூட்டுக்கு மாடுகள் வந்து நடுவிலேயே படுத்துக்கிடக்கும். வாகரைப் பக்கமும் இதே கதை, அம்பாறையிலிருந்து மகாஓயா பக்கம் போனால் யானை. மாட்டின் சொந்தக்காரரைத் தேடிப் பிடித்து நட்டஈடு வாங்குவது அநேகமாக நடக்காத காரியம். உங்கள் முழுக் காப்புறுதிதான் அங்கே கைகொடுக்கும். முன்கண்ணாடிக்கான பாதுகாப்பையும் விடாதீர்கள். தென்னை மரத்துக்குக் கீழே கார் நிறுத்தாத வீடு நம் ஊரில் எத்தனை? மாறாக, கடல் உப்புக் காற்றில் கதவோரம் துருப்பிடிப்பதற்கு எந்தக் காப்புறுதியும் காசு தராது. அது தேய்மானம்.

இன்னும் ஒன்று, தேர்ட் பார்ட்டி சொத்துச் சேதத்துக்கான உச்சத் தொகை. பிறருடைய உயிருக்கோ உடலுக்கோ வரும் பாதிப்பு வேறு, அவருடைய வாகனத்துக்கோ மதிலுக்கோ வரும் சேதம் வேறு. இரண்டாவதற்குப் பத்திரத்தில் ஒரு எல்லை எழுதியிருப்பார்கள். நீங்கள் இடிப்பது விலை கூடிய ஜீப் ஒன்றாக இருந்தால் அந்த எல்லை ஒரு ஹெட்லைட்டோடு முடிந்துவிடலாம், மிச்சத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும். இந்த எல்லையைக் கூட்டுவதற்கு ஆகும் மேலதிகக் காசு பொதுவாகப் பெரிதில்லை. புதிதாக ஓட்டத் தொடங்கியவருக்கு இது மிக அவசியம்.

தம்பியைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள், அதில் இரண்டு விடயம் சொல்ல வேண்டும். அவர் பழகும் காலத்தில் இந்தக் காரில் பழகுவதாக இருந்தால், பழகுநர் ஓட்டும்போது பாதுகாப்பு உண்டா, எக்ஸஸ் எவ்வளவு என்று முன்கூட்டியே கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். பழகுநர் அனுமதிப்பத்திரம், எல் பலகை, பக்கத்தில் தகுதியான ஒருவர் இல்லாமல் ஸ்டியரிங்கைத் தொட்டால் காப்புறுதியை நம்ப முடியாது. மோட்டார் சைக்கிளுக்கும் ஓட்டோவுக்கும் மட்டும் அனுமதிப்பத்திரம் வைத்துக்கொண்டு கார் ஓட்டுபவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். கார் வகுப்பு அதில் பதிவாகியிருக்க வேண்டும்.

இரண்டாவது, ஹயர். வீட்டில் கார் நின்றால் உறவினர், அயலவர் வந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஒரு ஓட்டம் போய் வாருங்கள், பெற்றோல் காசும் கைக்கு ஏதாவதும் தருகிறோம் என்பார்கள். தம்பிக்கும் அது நல்ல வருமானமாகத் தெரியும். சொந்தப் பாவனைக்கு எடுத்த காப்புறுதியில் காசு வாங்கிப் பயணிகளை ஏற்றினால், அந்தப் பயணத்தில் நடக்கும் விபத்துக்குக் கம்பனி கைவிரிக்கலாம். இரவு முழுக்கப் பொலன்னறுவை வழியாகத் தூக்கக் கலக்கத்தில் ஓடும் பயணம் அது, விபத்துக்கு மிகப் பொருத்தமான பயணமும் அதுதான். காரில் ஏறியவர்களுக்கு ஏதும் நடந்தால் அப்பாவின் வீடு வளவுவரை பிரச்சினை வரும். ஹயர் ஓடுவதென்றால் அதற்கான காப்புறுதியை, கூடிய காசு கட்டி, வெளிப்படையாக எடுங்கள். இல்லையென்றால் காசு வாங்காதீர்கள்.

விபத்து நடந்தால் என்ன செய்வது என்பதை இப்போதே மனதில் பதித்துக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் புத்தி வேலை செய்யாது. யாருக்காவது காயம் என்றால் 1990 அம்பியூலன்சுக்கும் 119 பொலிசுக்கும் முதலில் அழையுங்கள். அதன் பிறகு காப்புறுதிக் கம்பனியின் அவசர இலக்கத்துக்கு அழைத்து, அவர்கள் சொல்லும்வரை காரை நகர்த்தாதீர்கள். வீதிக்கு ஆபத்தாக நின்றால் நாலு பக்கமும் படம் எடுத்துவிட்டு ஓரமாக்குங்கள். நம் ஊரில் கூட்டம் கூடி, பேசித் தீர்த்துவிடுவோம் என்று பெரியவர்கள் முன்வருவார்கள். நல்ல மனதோடுதான் வருவார்கள். ஆனாலும் பிழை என்னுடையது, நான் கட்டுகிறேன் என்று வாயாலோ கையெழுத்தாலோ ஒப்புக்கொள்ளாதீர்கள். அப்படி ஒப்புக்கொண்டபின் கம்பனி ஒதுங்கிக்கொள்ள இடமிருக்கிறது. 'என் காப்புறுதிக் கம்பனி வரட்டும்' என்று மரியாதையாகச் சொல்லி நில்லுங்கள். இளம் பெண் என்று அதட்டிப் பார்ப்பவர்களும் இருப்பார்கள். அப்போது காருக்குள் இருந்து கதவைப் பூட்டிக்கொண்டு அப்பாவையும் பொலிசையும் அழைப்பதில் ஒரு தவறும் இல்லை.

கிளெய்மை அநியாயமாக மறுத்தார்கள் என்று நினைத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதை வைத்து முதலில் கம்பனியின் தலைமையகத்துக்கு முறைப்பாடு செய்ய வேண்டும். அங்கும் தீராவிட்டால் இப்படியான முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார், இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும் இருக்கிறது. இரண்டும் கொழும்பில்தான், ஆனால் கடிதத்தில் முறைப்பாட்டை அனுப்பலாம். முகவர் வாயால் சொன்னது அங்கே எதற்கும் உதவாது, தாளில் இருப்பது மட்டும்தான் பேசும். ஆகவே 'அதெல்லாம் பிரச்சினையில்லை தங்கச்சி' என்று யாராவது சொன்னால், அதையே ஒரு குறுஞ்செய்தியாக அனுப்பச் சொல்லுங்கள்.

அடுத்த கிழமை ஒரு நாள் அப்பாவோடு ரவுணுக்குப் போங்கள். வாகனப் பதிவுப் புத்தகத்தின் பிரதி, அப்பாவின் அடையாள அட்டை, உங்கள் சாரதி அனுமதிப்பத்திரம், பழைய வாகனம் ஏதும் இருந்திருந்தால் அந்தப் போனஸ் கடிதம் எல்லாம் கையில் இருக்கட்டும். புத்தகத்தில் இன்னும் விற்றவரின் பெயர்தான் இருக்கிறது என்றால், காப்புறுதிக்கு முன் பெயர் மாற்றும் வேலையைத் தொடங்குங்கள். மற்றவர் பெயரில் இருக்கும் காருக்கு உங்கள் அப்பா கட்டுப்பணம் கட்டினால், கிளெய்ம் நேரத்தில் முதல் கேள்வியே அதுவாக இருக்கும். 32 இலட்சம், எக்ஸஸ் 25,000, வெள்ளம், முன்கண்ணாடி, கூட்டிய தேர்ட் பார்ட்டி சொத்து எல்லை, ஓட்டுபவர்களில் நீங்களும், என்று ஒரே தாளில் எழுதி எல்லாக் கம்பனிக்கும் அதையே கொடுங்கள். விலைகள் வந்ததும் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.